மாடும் வேண்டும், மலையேறுபவர்களும் வேண்டும்: கன்னிசன் பள்ளத்தாக்குக்கு எந்த வழி?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கன்னிசன். 6,500 பேர் வசிக்கும் சின்ன ஊர். அங்கிருந்து வடக்கே 45 கிலோமீட்டர் ஏறினால் கிரெஸ்டெட் பியூட். 1952இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டதும் படுத்துப்போன அந்த ஊர், 1961இல் பனிச்சறுக்குத் தளம் வந்தபின்தான் எழுந்து நின்றது. இன்று கோடையில் மலைச் சைக்கிள், காட்டுப்பூ, தூண்டில் மீன்பிடிப்பு, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. இரண்டு ஊரையும் இணைக்கும் 135ஆம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் மாட்டுப் பண்ணைகளின் புல்வெளிகள். இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து மந்தைகளை இதே சாலை வழியாகத்தான் இறக்குகிறார்கள். சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு வந்த கார்கள், மாடுகள் கடந்து போகும்வரை ஓரத்தில் காத்து நிற்கும்.

கேள்வி இந்தப் புல்வெளிகளைப் பற்றியதுதான். அவற்றை என்ன செய்வது? இதே போன்ற பள்ளத்தாக்குகளில் நான்கு வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. நிலத்தைச் சந்தையிடம் விட்டுவிடலாம். வீடுகளை ஒரு மூலையில் நெருக்கிக் கட்டச் சொல்லலாம். பண்ணைக்காரரே சுற்றுலாவில் இறங்கலாம். அல்லது மனை போடும் உரிமையை மட்டும் அவரிடமிருந்து விலைக்கு வாங்கிவிடலாம். என் ஆதரவு நான்காவதற்கு. ஆனால் அதைத் தனியாகச் செய்தால் வேறொரு காயம் விழும், அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கன்னிசன் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய அரசுடையது. மலையும் காடும் பொதுச் சொத்து. மீதமிருக்கும் தனியார் நிலம் பெரும்பாலும் ஆற்றங்கரையோரம், பள்ளத்தாக்கின் தரையில் இருக்கிறது. காரணம் எளிது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறியவர்கள் தண்ணீர் பாயும் இடமாகப் பார்த்துத்தான் நிலம் பிடித்தார்கள். ஆக, வீடு கட்டவும் அந்த இடம்தான், புல் வளர்க்கவும் அதே இடம்தான். "இவ்வளவு மலை இருக்கிறதே, நான்கு புல்வெளி போனால் என்ன" என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம், பண்ணையின் ஆண்டுச் சக்கரம். கோடையில் மாடுகள் பொது நிலத்தில் மேயும். அதற்கு அரசிடம் உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் மிகக் குறைவு: ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் சேர்த்து மாதத்துக்கு 1.35 டாலர் என்று 2019 முதல் 2025 வரை இருந்தது. ஆனால் இந்த உரிமம் எல்லோருக்கும் கிடைக்காது. 1934ஆம் ஆண்டின் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்த நாளிலிருந்து, கீழே சொந்தமாக நிலமோ தண்ணீரோ வைத்திருப்பவருக்கே முன்னுரிமை. மாடுகள் மலையில் மேயும்போது கீழே புல் வளர்கிறது. இந்த உயரத்தில் ஆண்டுக்கு ஒரே ஒரு அறுவடைதான். அந்தப் புல்லைக் காயவைத்துக் கட்டி அடுக்கினால்தான், பனி மூடிய மாதங்களில் ஒரு பசுவுக்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தீவனம் போட முடியும். கீழே இருக்கும் புல்வெளி விற்றுப் போனால் குளிர்காலத் தீவனமும் போச்சு, மலை மேய்ச்சலுக்கான பிடிமானமும் போச்சு. பண்ணையின் ஒரு துண்டை மட்டும் விற்றுவிட்டு மீதியைப் பழையபடி நடத்துவது அதனால்தான் அவ்வளவு கடினம்.

அந்தப் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். மே, ஜூனில் பனி உருகி ஆறு பொங்கும்போது வாய்க்காலைத் திறந்துவிடுவார்கள். ஒரு நீளக் கம்பில் சுற்றிய தார்ப்பாய் ஒன்று. அதை வாய்க்காலின் குறுக்கே விரித்து, அடி விளிம்பில் இரண்டு மண்வெட்டி மண்ணைப் போட்டு அழுத்தினால் தண்ணீர் எதிர்த்து நின்று, கரை வழிந்து புல்லுக்குள் பரவும். அந்த இடம் ஊறியதும் தார்ப்பாயைப் பிடுங்கிச் சில அடிகள் தள்ளி மறுபடி விரிக்க வேண்டும். வாரக்கணக்கில் இதே வேலை. இப்படி மண்ணுக்குள் இறங்கிய தண்ணீரில் ஒரு பகுதி மெல்லக் கசிந்து, கோடையின் பிற்பகுதியில், ஆறு இளைத்துப்போன நேரத்தில் மறுபடி ஆற்றுக்கே வந்து சேருகிறது. ஆகஸ்டில் டிரவுட் மீன் தேடி வரும் தூண்டில்காரருக்கு அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் கொடுத்தது பண்ணைக்காரரின் மண்வெட்டிதான். மான்களுக்குக் குளிர்காலப் புகலிடமும், நெடுஞ்சாலையில் வருபவர் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அந்தப் பச்சைப் பரப்பும் இதே புல்வெளிகள்தான். சுற்றுலா தனக்குத் தெரியாமலே பண்ணையின் உழைப்பில் வாழ்கிறது. இந்த ஒப்பீட்டில் நான் பண்ணையை முன்னால் வைப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சந்தையிடம் விட்டுவிடுவது

எதுவுமே செய்யாமல் இருந்தால் நடப்பது இதுதான். கொலராடோவில் 1972இல் வந்த ஒரு சட்டப்படி, ஒவ்வொரு மனையும் 35 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தால், மாவட்டத்தின் மனைப்பிரிவு விதிகள் அதற்குப் பொருந்தாது. 700 ஏக்கர் பண்ணையை 20 மனையாக வெட்டலாம். மனைப்பிரிவு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மனைக்கும் வீட்டுக் கிணறு போட உரிமம் வாங்குவதும் எளிது. 35 ஏக்கர், ஒரு வீட்டுக்கு மிக அதிகம். ஒரு பண்ணைக்கு மிகக் குறைவு. புல் அறுக்க ஆளில்லை, வாய்க்காலைக் கவனிக்க ஆளில்லை, களை பரவுகிறது. வீட்டுக்காரர் வருடத்தில் சில வாரங்கள் வந்து போகிறார்.

இப்படி விற்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல பண்ணைக் குடும்பங்களுக்கு நிலத்தின் மதிப்பு கோடிகளில் இருக்கும், கையில் காசு இருக்காது. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மட்டும் பண்ணையை நடத்த விரும்புவார். மற்ற இருவரின் பங்கைக் கொடுக்க அவரிடம் பணம் இருக்காது. அந்த நிலம்தான் பெற்றோரின் ஓய்வூதியம். இதற்கு மாற்று எதையும் கொடுக்காமல் "விற்காதே" என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் ஊருக்கு இது மோசமான பேரம். அமெரிக்காவின் பல மாவட்டங்களில் வரவு செலவைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள்: சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குச் சாலை, தீயணைப்பு, பள்ளிப் பேருந்து என்று ஆகும் செலவு, அவை கட்டும் வரியைவிட அதிகம், பண்ணை நிலமோ தான் வாங்கும் சேவையைவிட அதிகமாக வரி கட்டுகிறது. இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். பணக்காரச் சுற்றுலா ஊரான ஜாக்சனுக்கு மலையின் மறுபக்கம் இருக்கும் அங்கே, 2000களில் வயல்களை மனை போட்டுத் தள்ளினார்கள். 2008இல் சந்தை சரிந்ததும் வீடே எழும்பாத மனைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. சாலை இருந்தது, வீடு இல்லை, விளைச்சலும் இல்லை.

வீடுகளை ஒரு மூலையில் நெருக்குவது

மனை போடுவதைத் தடுக்க முடியாவிட்டால் திருத்தலாம் என்பது அடுத்த யோசனை. 35 ஏக்கருக்கு ஒரு வீடு என்று பரப்புவதற்குப் பதில், நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் எல்லா வீடுகளையும் அடக்கிவிட்டு, மூன்றில் இரண்டு பங்கைத் திறந்தவெளியாக விட்டால், 35 ஏக்கருக்கு இரண்டு வீடு வரை அனுமதிக்கக் கொலராடோ சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே 700 ஏக்கரில் 20க்குப் பதில் 40 வீடு, ஆனால் ஒரே மூலையில்.

காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அரசுக்குச் செலவே இல்லை, உரிமையாளருக்கும் லாபம். ஆனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, திறந்தவெளியை 40 ஆண்டுகள் காப்பாற்றினால் போதும் என்பதே சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனை. ஒரு பள்ளத்தாக்கின் வாழ்வில் 40 ஆண்டு என்பது மிகக் குறுகிய காலம். இரண்டு, 40 வீடுகளுக்கு நடுவே மாடு வளர்ப்பது. அதிகாலை டிராக்டர் சத்தம், சாண வாடை, கன்று ஈனும் பருவத்தில் அவிழ்ந்து ஓடிவரும் நாய் என்று சண்டை தொடங்கிவிடும். நெடுஞ்சாலையை ஒட்டிய, ஏற்கெனவே துண்டாகிப்போன நிலங்களுக்கு இந்த வழி பொருந்தும். நல்ல தண்ணீர் உரிமையுள்ள ஆற்றங்கரைப் புல்வெளிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

பண்ணைக்காரரே விடுதி நடத்தினால்?

வெளியூர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் யோசனை இது. அமெரிக்க மேற்கில் விருந்தினரைக் குதிரையேற்றிக் காசு பார்க்கும் பண்ணைகளுக்கு நீண்ட மரபு உண்டு. அவற்றின் சங்கமே 1926இல் தொடங்கியது. 2014இல் கொலராடோ சட்டமும் கைகொடுத்தது: பண்ணைக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு விபத்து நேர்ந்தால், உரிமையாளரின் சட்டப் பொறுப்பை அது சில நிபந்தனைகளோடு குறைக்கிறது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. விருந்தினர் வருவது ஜூலை, ஆகஸ்டில். புல் அறுப்பதும் அதே ஜூலை, ஆகஸ்டில். ஈரப்பதம் சரியாக இருக்கும் சில நாட்களுக்குள் அறுத்துக் கட்டாவிட்டால் ஆண்டின் ஒரே அறுவடை மழையில் கெட்டுப்போகும். அந்த நேரத்தில் யார் காலை உணவு பரிமாறுவது? ஆள் வைக்கலாம் என்றால் அவர்கள் தங்க வீடு இல்லை.

இதே வரிசையில் பருவம் இடிக்காத வருமானங்களும் உண்டு, அவற்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. 160 ஏக்கரோ அதற்கு மேலோ விவசாய நிலம் வைத்திருப்பவர் மாநில வனவிலங்குத் துறையின் திட்டத்தில் சேர்ந்து, வேட்டை உரிமத்துக்கான சீட்டுகளுக்கு விண்ணப்பித்துப் பெற்று வேட்டைக்காரருக்குக் கைமாற்றலாம். எல்க் என்ற பெரிய மான் வேட்டை இலையுதிர் காலத்தில். அதற்குள் புல் அடுக்கி முடிந்திருக்கும். கொலராடோவில் பண்ணைக்குள் ஓடும் பெரும்பாலான ஆறுகளின் படுகையும் நில உரிமையாளருக்கே சொந்தம் என்பதால், மீன்பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடலாம். இரண்டுக்கும் புதுக் கட்டடம் வேண்டாம், சமையல்காரர் வேண்டாம்.

இவற்றை நான் மனதார ஆதரிக்கிறேன், ஒரு குடும்பத்தின் கைச்செலவுக்கு. பள்ளத்தாக்கைக் காப்பாற்றும் திட்டமாக அல்ல. நல்ல ஆண்டில் வரும் இந்த உபரி வருமானம், மனைக்காரர் நீட்டும் காசோலைக்குப் பக்கத்தில்கூட வராது. இன்றைய தலைமுறை விருந்தினர் வருமானத்தில் பண்ணையை நடத்தினாலும், அடுத்த தலைமுறை மறுநாளே விற்கலாம். தடுக்க எதுவும் இல்லை.

மனை போடும் உரிமையை வாங்கிவிடுவது

இதன் கணக்கு இப்படி. ஒரு மதிப்பீட்டாளர் நிலத்துக்கு இரண்டு விலை போடுகிறார்: மனை போட முடிந்தால் என்ன விலை, பண்ணையாகவே இருந்தால் என்ன விலை. இடையிலுள்ள வித்தியாசம்தான் மனை போடும் உரிமையின் மதிப்பு. அதில் ஒரு பகுதியைப் பணமாகக் கொடுப்பார்கள். மீதியைப் பண்ணைக்காரர் நன்கொடையாக விட்டுக்கொடுப்பார். அதற்கு வரிச் சலுகை உண்டு. கொலராடோ இந்தச் சலுகையை மற்றவருக்கு விற்கவும் அனுமதிக்கிறது. வருமானம் குறைந்த பண்ணைக்காரருக்கு வரிக்கழிவால் பயனில்லை, விற்றால் கையில் காசு. நிலம் அவருடையதாகவே இருக்கும். மேய்க்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை மட்டும் போட முடியாது, அவருக்குப் பின் வரும் யாராலும் முடியாது. அந்த இரண்டு பிள்ளைகளின் பங்கைக் கொடுக்க இப்போது வழி பிறக்கிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1995இல் கொலராடோ மாட்டுப் பண்ணைக்காரர் சங்கமே இதற்கென ஒரு நில அறக்கட்டளை தொடங்கியது. அதுவரை அமெரிக்காவில் எந்தப் பண்ணைக்காரர் சங்கமும் அப்படிச் செய்ததில்லை. அரசாங்கத்தை நம்பாத பண்ணைக்காரர், தன்னைப் போன்ற இன்னொருவரை நம்பினார். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் இருக்கும் ரௌட் மாவட்டத்தின் வாக்காளர்கள் 1996இல் தங்கள் சொத்து வரியை உயர்த்தி இதற்கு நிதி திரட்டினார்கள். லாட்டரி வருமானத்தை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்க 1992இல் மாநிலம் முழுக்க வாக்களித்தார்கள். மத்திய வேளாண் துறையும் பொதுவாக மதிப்பில் பாதி வரை தருகிறது. கன்னிசன் பள்ளத்தாக்கில் பண்ணை நிலங்களைக் காப்பதற்கென்றே ஓர் உள்ளூர் அமைப்பு 1990களிலிருந்து இயங்குகிறது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் கொண்ட டிராம்பி பண்ணை 2018இல் முழுமையாக இந்தப் பாதுகாப்புக்குள் வந்தது. நெடுஞ்சாலை 135இல் போகிறவர் கண்ணுக்குத் தெரியும் திறந்தவெளியில் பெரிய பங்கு அது.

குறைகளும் இருக்கின்றன. விலை அதிகம். 2000களில் சிலர் மதிப்பை ஊதிப் பெருக்கிக் காட்டி வரிச் சலுகையைச் சுரண்டினார்கள். அதற்குப் பிறகுதான் கண்காணிப்பு இறுகியது. ஒப்பந்தம் மனையைத் தடுக்குமே தவிர மாட்டைக் கொண்டுவராது: பணக்காரர் ஒருவர் அந்தப் பண்ணையை வாங்கி, மந்தையை விற்றுவிட்டு, காட்சிக்காக வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் அதைவிட ஆபத்தானது. கொலராடோவில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. அந்த உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம். தண்ணீர் உரிமையை நிலத்தோடு பிணைக்காத ஒப்பந்தத்துக்கு ஊர்ப் பணத்தில் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் போனபின் காப்பாற்றப்படுவது காய்ந்த தரைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வீடு. மனை குறைந்தால் இருக்கும் வீட்டின் விலை ஏறும். கிரெஸ்டெட் பியூட் திறந்தவெளியைக் காப்பதில் பேர் போன ஊர். 2021 ஜூனில் அதே ஊர் வீட்டுப் பற்றாக்குறைக்காக அவசரநிலை அறிவித்தது. இருந்த வீடுகளில் பலவும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. பனிச்சறுக்குத் தளத்தில் வேலை செய்பவருக்கும் தங்க இடமில்லை, புல் அறுக்கும் கூலிக்காரருக்கும் இல்லை. இதைக் காரணம் காட்டி "அப்படியானால் புல்வெளியில் கட்டுவோம்" என்பவர்களோடு நான் உடன்படவில்லை. 35 ஏக்கர் மனையில் எழும் மாளிகையில் பேருந்து ஓட்டுநர் குடியிருக்கப் போவதில்லை. தொழிலாளிக்கான வீடு ஊருக்குள், குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நெருக்கமாக எழ வேண்டும்.

பணம் யார் தருவது?

வருகிறவர்கள்தான். கிரெஸ்டெட் பியூட் இதை 1991இலேயே புரிந்துகொண்டது: வீடு கைமாறும்போது வசூலாகும் வரியில் பாதியைத் திறந்தவெளிக்கு ஒதுக்கியது. நல்ல நேரத்தில் செய்தார்கள். மறு ஆண்டே மாநில அரசியலமைப்பில் வந்த திருத்தம் இத்தகைய புதிய வரிகளைத் தடை செய்துவிட்டது. இன்று வேறு ஊர் அதைத் தொடங்க முடியாது. அங்குள்ள கடைக்காரர்கள் தாங்களாக முன்வந்து பில்லில் ஒரு சதவீதம் சேர்த்து வசூலித்து நிலப் பாதுகாப்புக்குத் தரும் வழக்கமும் உண்டு.

கன்னிசன் போன்ற ஊருக்கு மிஞ்சியிருப்பது விற்பனை வரியும் விடுதி வரியும். மாவட்ட விடுதி வரியில் நெடுங்காலம் ஒரு விசித்திரம் இருந்தது: சட்டப்படி அதை விளம்பரத்துக்கு மட்டுமே செலவிடலாம். கூட்டம் தாங்கவில்லை என்று ஊர் தவிக்கும்போதும் அந்தப் பணம் இன்னும் கூட்டத்தை அழைத்துக்கொண்டிருந்தது. 2022இல் சட்டம் மாறியது. வாக்காளர் சம்மதித்தால் தொழிலாளர் வீடு, குழந்தைப் பராமரிப்பு, பயணிகள் பயன்படுத்தும் இடங்களின் பராமரிப்பு ஆகியவற்றுக்கும் அதைத் திருப்பலாம். அதைவைத்து வீட்டுச் செலவைச் சமாளித்தால், விற்பனை வரியில் ஒரு பங்கைப் புல்வெளிக்கு ஒதுக்க முடியும்.

பயணிகளிடம் பணம் வாங்கினால் மட்டும் போதாது, ஒழுங்கும் கேட்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் ஒரு சைக்கிள்காரர் கதவைத் திறந்தபடி விட்டுப் போனால், இரண்டு பண்ணைகளின் மந்தைகள் கலந்துவிடும். சூட்டுக்குறி பார்த்துப் பிரித்து, கன்றைத் தாயோடு சேர்ப்பதற்குள் குதிரையில் ஒரு முழு நாள் போய்விடும். தானாக மூடும் கதவும், மாடு தாண்டாத கம்பிப் பாலமும் போட ஆகும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 2014இல் அழிவு அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்ட கன்னிசன் சேஜ் கிரௌஸ் பறவைக்காக மார்ச் 15 முதல் மே 15 வரை பல மண்சாலைகளை ஏற்கெனவே மூடுகிறார்கள். கிரெஸ்டெட் பியூட்டைச் சுற்றிக் கண்ட இடத்தில் கூடாரம் போடுவதை நிறுத்தி, குறித்த இடங்களில் மட்டும் அனுமதிக்கிறார்கள். உள்ளூர் மலைச் சைக்கிள் சங்கமே 2017இல் பாதை பராமரிக்கும் குழு ஒன்றைத் தொடங்கியது. இவை நன்றாக வேலை செய்கின்றன, இன்னும் விரியலாம். ஆனால் பொதுப்பணத்தில் பாதுகாத்த புல்வெளி என்பதற்காக அதன் குறுக்கே நடைபாதை கேட்பது தவறு. கன்று ஈனும் பருவத்தில் நாயோடு ஒருவர் நடந்தால் போதும், அடுத்த பண்ணைக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டார்.

என் கையில் முடிவு இருந்தால், முதலில் தண்ணீர் உரிமை பழையதும் ஆற்றங்கரை நீளமானதுமான பண்ணைகளின் பட்டியலை எடுப்பேன். அவற்றில் உரிமையாளர் முதுமையடைந்து, வாரிசுப் பிரிவினை நெருங்கும் குடும்பங்களிடம் முதலில் பேசுவேன். பாகம் பிரித்தபின் போனால் பேச ஆளே இருக்காது. ஒரு பண்ணைக்கு ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு முறையும், ஊருக்குள் தொழிலாளர் வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியாக வேண்டும் என்று விதி வைப்பேன். நாள் வாடகை உரிமங்களுக்கு உச்சவரம்பு போடுவேன். விளம்பரச் செலவைப் பாதியாக வெட்டிவிட்டு, மிச்சப்படுவதை அந்தத் தொழிலாளர் வீடுகளுக்குத் திருப்புவேன்.